இரப்பர்ப் பலகையில் தமிழெழுத்து: வெட்டுமுனை தெரிந்தெடுக்கும் முறை

ஓலையில் எழுதியோர் மெய்யெழுத்துக்குப் புள்ளி வையாது விட்டது சோம்பலால் அன்று. எழுத்தாணியின் கூர்முனை புள்ளியிட்ட இடத்தில் ஓலையைத் துளைத்துவிடும் என்னும் அச்சமே அதற்குக் காரணம் என்பர். கருவிக்கு ஏற்ப எழுத்தின் உரு மாறும் என்பதற்கு இஃது ஒரு சான்று. அதே சிக்கல் இன்று வேறொரு வடிவில் தமிழாசிரியர்முன் வந்து நிற்கின்றது. கணிப்பொறியின் எண்கட்டளைப்படி மரத்தைச் செதுக்கும் சி.என்.சி. யந்திரம், மேசைமீது வைத்து இயக்கத்தக்க சிற்றுருவில், பொழுதுபோக்காகத் தொழில் பயில்வோர் கைக்கும் எட்டிவிட்டது. வகுப்பறைப் பெயர்ப்பலகை முதல் அகரவரிசைப் பலகை வரை அதனாற் செய்யலாம். ஆனால், வெட்டுமுனையைத் தவறாகத் தெரிந்தெடுத்தால் ‘சக்தி’ என்பது ‘சகதி’ ஆகிவிடும்.

எதைச் செதுக்குவது என்பதை முதலிற் காண்போம். புலாவ் செபாங் வட்டாரத்தார்க்கு இரப்பர் மரம் புதியதன்று. 1896இல் டான் சே யான் என்பார் புக்கிட் லிந்தாங்கில் இரப்பரைத் தோட்டப் பயிராக நட்டது இதே மலாக்கா மாநிலத்தில்தான். ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகளில் பால் குன்றியதும் மரத்தை வெட்டி மறுநடவு செய்வர். முன்பு விறகாக எரிந்த அந்த மரம், 1980களிலிருந்து மேசை நாற்காலிக்குரிய மரமாக மதிப்புப் பெற்றது. பச்சைப் பலகையைப் பூஞ்சணமும் பூச்சியும் விரைந்து பற்றும். ஆதலின் போரான் மருந்தேற்றி, சூளையில் உலர்த்திய பலகையையே வாங்குதல் வேண்டும். நிறம் வெளிர், கடினம் நடுத்தரம். எழுத்துச் செதுக்க ஏற்றது.

இனி முனைக்கு வருவோம். ‘3018’ எனப்படும் சிறு யந்திரத்தின் செதுக்குபரப்பு 300க்கு 180 மில்லிமீட்டர். அதனுடன் பெரும்பாலும் நுனி ஊசிபோன்ற முனைகள் சில இலவசமாக வரும். அவை மின்சுற்றுப் பலகையின் செப்புத் தகட்டைக் கீறுதற்குரியவை. மரத்தில் ஆழ இறக்கினால் நுனி ஒடியும். இலவசம் என்பதற்காக அவற்றோடு மல்லுக்கட்டுவது வீண்.

தட்டை நுனியுடைய உருளைமுனைகளுள் 3.175 மில்லிமீட்டர் முனையே பெருவழக்கு. எழுத்து மேலெழுந்து நிற்குமாறு சுற்றுப்புறத்தைக் குடைய இதனைப் பயன்படுத்துவர். இங்கேதான் தமிழெழுத்து இடர் தருகின்றது. ‘ண’கரத்தின் சுழிகளுக்குள் உள்ள வெளி 3.175 மில்லிமீட்டரினும் குறுகியதாயின் முனை உள்ளே நுழையாது. சுழி தூர்ந்து எழுத்து மரக்கட்டியாய் நிற்கும். புள்ளியின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அது தனித்து நிற்கும் சிறு மரத்துண்டு. நார் குறுகியிருத்தலால் சற்று இடிபட்டாலும் பெயர்ந்துவிடும். ஆங்கில எழுத்தை மாதிரியாகக் கொண்டு அளவு குறிப்போர் பெரும்பாலும் இதனை எண்ணுவதில்லை.

ஆதலின், சிறு எழுத்துகளைப் பள்ளமாகச் செதுக்குவதே தக்கது. அதற்கு ‘வி’ வடிவ முனையே சிறந்தது. இம்முனை ஆழ இறங்கினால் அகலக் கோடும், மேலேறினால் மெல்லிய கோடும் கிடைக்கும். ஆகவே மூலைகளும் சுழிகளும் கூர்மை கெடாமல் அமையும். புள்ளியோ ஒருமுறை இறங்கி எழுவதிலேயே முடிந்துவிடும். 90 பாகை முனையால் 4 மில்லிமீட்டர் அகலக் கோடு வெட்ட 2 மில்லிமீட்டர் ஆழம் போதும். 60 பாகை முனைக்கு ஏறத்தாழ 3.5 மில்லிமீட்டர் வேண்டும். பின்னதில் நிழல் அடர்ந்து விழுவதால் தொலைவிலிருந்தும் படிக்கலாம். மெல்லிய பலகைக்கு முன்னதே ஏற்றது.

முறுக்குமுனைகளில் இருவகை உண்டு. துகளை மேலே வாரித் தள்ளுவது ஒன்று. அது பள்ளத்தைத் தூய்மையாக்கும், ஆனால் மேல்விளிம்பில் நாரைக் கிளப்பிவிடும். துகளைக் கீழே அழுத்துவது மற்றொன்று. விளிம்பு அழகாக வரும், எனினும் ஆழப் பள்ளத்தில் துகள் அடைபட்டுச் சூடேறும். மேலோட்டமான வேலைக்குப் பின்னதை வாங்கலாம்.

வெட்டுவாய் இரண்டிருந்தாற் போதும். முனை நிமிடத்திற்கு 10,000 சுற்றுச் சுழல்கின்றது, ஒவ்வொரு வாயும் 0.03 மில்லிமீட்டர் சீவ வேண்டும் என்று கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் நிமிடத்திற்கு 600 மில்லிமீட்டர் முனை நகர்தல் வேண்டும் என்பது பெறப்படும். மெதுவாக நகர்த்தினால் முனைக்கு நல்லது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை நேர்மாறானது. மிக மெதுவாகச் சென்றால் வாய் சீவாது தேய்க்கும்; மரம் கருகும், முனையும் மழுங்கும். வேகத்தைக் காப்பாற்றி, ஒரு தடவைக்கு 1 மில்லிமீட்டர் அளவே ஆழம் கொடுத்தால் சிறு யந்திரமும் தாங்கும்.

துணைக்கருவிகளுள் முதலிடம் முனையைக் கவ்விப் பிடிக்கும் காலெட்டுக்கே உரியது. 3 மில்லிமீட்டர்க் காம்பும் 3.175 மில்லிமீட்டர்க் காம்பும் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும். அளவு மாறிப் பொருத்தினால் முனை தள்ளாடும் அல்லது நழுவும். முப்பது முனைகொண்ட பெட்டியை வாங்கும் பணத்தில் நல்ல காலெட் ஒன்றும் கார்பைடு முனை நான்கும் வாங்குவது அறிவுடைமை. பலகையை இறுக்கும் பற்றிகள் முனை செல்லும் வழியில் குறுக்கிடலாகாது. மாணவர் அருகிருப்பின் கண்ணாடியும் தூசி உறிஞ்சியும் கட்டாயம். மரத்தூசு புற்றுநோய் விளைப்பது என அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995இலேயே வகைப்படுத்தியுள்ளது.

வேலை முடிந்ததும் பலகையை உடனே கழற்றிவிடலாகாது. பற்றியை இளக்குமுன் புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தல் வேண்டும். விடுபட்ட புள்ளியை அந்நிலையில் ஒரு நொடியில் இட்டுவிடலாம். கழற்றி மீண்டும் பொருத்திய பலகை பழைய இடத்தில் மயிரிழை பிசகாமல் அமர்வது அரிது.