விற்ற கல்லும் திரும்பி வரும், வந்த காசும் திரும்பிப் போகும்

ஒக்கம்பிட்டியவில் தோண்டி எடுக்கப்படும் கல் முன்பெல்லாம் தரகர்களின் கைமாறி பேருவளைக்கோ இரத்தினபுரிக்கோ போய்ச் சேரும். இப்போது நமது இரத்தினக்கல் வியாபாரிகளில் சிலர் ஈபே போன்ற இணையத்தளங்கள் ஊடாக அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் நேரடியாக விற்கிறார்கள். வரவேற்க வேண்டிய முயற்சிதான். ஆனால் ஒரு விடயத்தை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பத்தையில் காசு கைக்கு வந்தால் பேரம் முடிந்துவிட்டது. இணையத்தில் காசு வந்து மாதங்கள் கழிந்த பின்னும் பேரம் முடிவதில்லை.

அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட ஒரு சட்டம், பொருள் வந்து சேரவில்லை போன்ற காரணங்களைக் காட்டி கடனட்டைப் பட்டியலை மறுக்க அட்டைக்காரருக்கு உரிமை கொடுத்தது. விசா, மாஸ்டர்கார்ட் நிறுவனங்கள் தமது சொந்த விதிகளால் இந்தப் பாதுகாப்பை உலகெங்கும் விரித்தன. வாங்கியவர் தனது வங்கியில் முறைப்பாடு செய்தால், அந்த வங்கி பணத்தை விற்றவரின் பக்கத்திலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளும். இதற்குப் பெயர் 'சார்ஜ்பேக்'. பொதுவாக 120 நாட்கள் வரை இதற்கு அவகாசம் உண்டு. பேபால் நிறுவனம் தன்னிடம் முறையிட முன்பு 45 நாட்களே கொடுத்தது. 2014இல் அதை 180 நாட்களாக்கியது. ஆறு மாதம்! அதற்குள் நாம் அந்தக் காசில் வேறு கல் வாங்கி, அதையும் விற்று முடித்திருப்போம்.

வாங்குபவருக்குப் பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கண்ணாடிக் கல்லை நீலக்கல் என்று விற்பவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் வழக்கை முதலில் கேட்பது வாங்கியவரின் வங்கி. நமது பக்கம் பேசுவது நாம் அனுப்பும் கடதாசிகள் மட்டும்தான். தகராறுக் கட்டணமும் பெரும்பாலும் நிலையான தொகை. 20 டொலர் கல்லுக்கும் 2000 டொலர் கல்லுக்கும் ஒன்றே. பெரிய கம்பனி இதைச் செலவுக் கணக்கில் எழுதிவிட்டுப் போகும். ஐந்தாறு கல் வைத்திருப்பவருக்கு அதுவே முதல்.

நமது தொழிலில் அதிகம் அடிபடும் இடம் 'விவரித்தபடி இல்லை' என்ற முறைப்பாடு. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் நமது 'கியூடா' கல்லை வாங்கிச் சூடாக்கி நீலமாக்கினார்கள். பின்னர் நாமும் கற்றுக்கொண்டோம். சூடாக்குவது குற்றமல்ல, சொல்லாமல் விற்பதுதான் பிழை. கையால் பார்த்து 'சூடாக்காதது' என்று எழுதி விற்ற கல்லை, வாங்கியவர் அங்குள்ள ஆய்வுகூடத்தில் கொடுத்து 'சூடாக்கியது' என்று சான்றிதழ் எடுத்துவிட்டால் வாதிட இடமே இல்லை. பணத்துடன், கல் திரும்பி வரும் தபால் செலவும் விற்றவர் தலையில்தான். சான்றிதழ் இல்லாத கல்லுக்கு அந்த வார்த்தையை எழுதவே கூடாது.

இன்னும் மோசமானது, திரும்பி வருவது நமது கல்லாக இல்லாமல் போவது. ஆகவே அனுப்பும் முன் கரட் எடையை இரண்டு தசமத்துக்கும், நீள அகல உயரத்தை மில்லிமீட்டரிலும் குறித்து, கல்லின் உள்ளே தெரியும் கோடு புள்ளிகளைப் பெரிதாகப் படம் எடுத்து வையுங்கள். இரண்டு கல்லுக்கு உள்ளே ஒரே மாதிரி இருக்காது. பொதி கட்டுவதையும், திரும்பி வந்த பொதியைப் பிரிப்பதையும் இடைநிறுத்தாமல் வீடியோ எடுப்பது நல்லது. வெற்றி நிச்சயம் என்றில்லை, ஆனால் வெறுங்கையோடு நிற்க மாட்டீர்கள்.

பொருளே திரும்பாமல் போனதும் உண்டு. 2012 ஜனவரியில் ஒரு செய்தி உலகமெங்கும் பேசப்பட்டது. கனடாவிலுள்ள ஒருவருக்கு 2500 டொலருக்கு விற்கப்பட்ட பழைய வயலின் உண்மையானதா என்று தகராறு எழுந்தது. அதை அழித்துவிட்டுப் பணத்தைத் திரும்பப் பெறும்படி பேபால் சொன்னதாகவும், வாங்கியவர் அதை உடைத்துப் படத்தை அனுப்பியதாகவும் விற்ற பெண்மணி தெரிவித்தார். போலி எனக் கருதும் பொருளை அழிக்கச் சொல்லும் அதிகாரம் பேபாலின் அன்றைய விதிகளிலேயே இருந்தது. 'சம்மதம்' என்ற பெட்டியில் அடையாளமிடும்போது யார் அதையெல்லாம் வாசிக்கிறார்கள்?

'பொதி வரவில்லை' என்ற முறைப்பாட்டை எதிர்கொள்வது இதைவிட இலகு. தடம் பார்க்கும் இலக்கம் இருக்க வேண்டும். கொடுக்கல் வாங்கலில் பதிவான விலாசத்துக்கே அனுப்ப வேண்டும். "என் தம்பி வீட்டுக்கு அனுப்புங்கள்" என்று வாங்குபவர் பிறகு எழுதினால் அதன்படி செய்யாதீர்கள், பாதுகாப்பு அந்த இடத்திலேயே போய்விடும். 750 டொலர், அதற்கு மேல் என்றால் பெற்றுக்கொண்டவரின் கையொப்பமும் தேவை. தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபை ஊடாக ஏற்றுமதி செய்த பத்திரங்களின் பிரதிகளையும் பத்திரப்படுத்துங்கள். திரும்பி வரும் கல்லும் சுங்கத்தைத் தாண்டித்தான் வர வேண்டும்.

கடைசியாக இரவல் கணக்கு. பேபால் நீண்ட காலமாக இலங்கையிலிருந்து பணம் அனுப்ப மட்டுமே இடமளித்தது, பெற்றுக்கொள்ள இடமளிக்கவில்லை. அதனால் கட்டாரிலோ லண்டனிலோ உள்ள மச்சானின் கணக்கில் காசை வாங்கும் பழக்கம் நம்மவரிடையே உண்டானது. இது விதிக்கு முரண். தகராறு வந்தால் கேள்வி கேட்கப்படுபவர் மச்சான். கணக்கு முடக்கப்பட்டால் அவருடைய சொந்தக் காசும் அதற்குள் அகப்பட்டுக்கொள்ளும். ஈபே 2018 முதல் படிப்படியாகக் கொடுப்பனவுகளைத் தானே கையாளத் தொடங்கியது. வெளிநாட்டு விற்பனையாளர்கள் பலருக்குப் பேயோனியர் மூலம் பணம் வருகிறது. சொந்தப் பெயரில், அடையாள அட்டையிலும் வங்கிப் புத்தகத்திலும் உள்ள அதே எழுத்துக்களில் அந்தக் கணக்கைத் திறந்துகொண்டு, முதல் ஆறு மாதம் சிறிய கற்களை மட்டும் விற்றுப் பாருங்கள்.