வன்னியின் நீர், வன்னியின் குளங்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலப்பரப்பில் ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு ஒன்றுகூட இல்லை. கனகராயன் ஆறு, பேராறு, பாலியாறு, பறங்கியாறு எனப் பெயர் பெற்றவை யாவும் மாரியில் கரைபுரண்டோடிக் கோடையில் மணற்படுகையாகக் கிடப்பவையே. ஆயினும் இதனை மழையற்ற நிலம் என்று கொள்வது பிழை. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை இங்கு கிடைக்கிறது. இது லண்டன் மாநகர் பெறும் மழையின் ஏறக்குறைய இருமடங்கு. ஓர் ஏக்கர் நிலத்தின் மீது மட்டும் ஆண்டொன்றில் ஏறத்தாழ 50 இலட்சம் லீற்றர் நீர் விழுகிறது என்பது இக்கணக்கின் பொருள். அம்மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரையான வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்துக்குள் பெய்து தீர்ந்துவிடுவதும், பின்வரும் மாதங்களில் கடும் வெயிலும் சோளகம் என்று ஊரார் வழங்கும் வறண்ட காற்றும் நிலத்தின் ஈரத்தை உறிஞ்சிவிடுவதுமே வன்னியின் நீர்ச்சிக்கலுக்கு அடிப்படை. ஆகவே இங்கு நீர்ப் பாதுகாப்பு என்பது சில மாதங்களில் கிடைப்பதை ஆண்டு முழுவதற்கும் வைத்திருந்து பகிரும் முயற்சியாகவே எக்காலத்திலும் இருந்து வந்துள்ளது.

உலகிலுள்ள நீரில் 97 சதவீதத்துக்கு மேற்பட்டது உப்புநீர். நன்னீராக உள்ள சிறுபகுதியிலும் பெரும்பங்கு துருவப் பனியாகவும் ஆழ்நிலத்தடி நீராகவும் இருப்பதால், மனிதர் எளிதில் எடுத்துப் பயன்படுத்தக்கூடியது மிகச் சொற்பமே. குடிநீரின் தேவை யாவரும் உணர்வது. ஆனால் உணவுக்குள் மறைந்திருக்கும் நீரைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு கிலோ அரிசியை விளைவிக்க ஏறத்தாழ 2,500 லீற்றர் நீர் செலவாகிறது என்பது பொதுவான மதிப்பீடு. நெல்லையே தலையாய பயிராகக் கொண்ட வன்னியில் நீர் குறைவது வருமானம் குறைவதும் சோறு குறைவதுமாகும்.

நிலத்தின் அமைப்பும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் நீரைத் தேக்கும் சுண்ணக்கல் உண்டு. வவுனியாவை உள்ளடக்கிய தென்வன்னியின் அடியிலோ பழைமையான கடும்பாறை கிடக்கிறது. அப்பாறையின் மேல் சிதைந்துள்ள மண்படையிலும் பாறை வெடிப்புகளிலும் மட்டுமே நிலத்தடி நீர் தங்குகிறது. இம்மெல்லிய படை விரைவில் வற்றிவிடும். அதனை மீள நிரப்புவது மழையும், மழையைத் தேக்கி மெல்ல மெல்லக் கசியவிடும் குளங்களுமே. குளத்தில் நீர் நிற்கும் காலம் வரை அயலிலுள்ள கிணறுகளிலும் நீர் நிற்பதும், குளம் வற்றியதும் கிணற்று நீர் இறங்குவதும் வன்னிக் கிராமத்தவர் நன்கறிந்த உண்மை. குளத்தை வயலுக்கு மட்டுமே உரிய நீர்நிலையாகக் கருதுவோர், வீட்டு முற்றத்துக் கிணறும் அதன் பிள்ளையே என்பதைக் காணத் தவறுகின்றனர்.

குளங்கள் தனித்தனியே அமைக்கப்பட்டவை அல்ல. ஒரு பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் உள்ள சிறுகுளம் நிறைந்து அதன் மேலதிக நீர் வான் வழியே, அதாவது அணைக்கட்டின் தாழ்ந்த வெளியேற்றுப் பகுதி வழியே, பாய்ந்து அடுத்த குளத்தைச் சேரும். துருசு எனப்படும் மதகினூடாக வயலுக்கு விடப்பட்ட நீரில் எஞ்சியதும் வயல்களைக் கடந்து கீழ்க்குளத்தையே அடையும். இவ்வாறு ஒரே நீர் பல ஊர்களுக்குப் பயன்பட்டு இறங்கிவரும் அமைப்பைத் தொடர்குள முறைமை என்பர். குளத்தின் மேற்புறத்து மரச்செறிவு மண் அரித்து வருவதைத் தடுக்கும். கட்டின் கீழ்ப்புறத்தில் நிற்கும் மருதும் இலுப்பையும் கசியும் நீரின் ஈரத்தில் வளர்ந்து மண்ணைப் பிடித்து வைக்கும். இலங்கையின் வறண்ட வலயத்துக்குரிய இம்முறைமையை ஐக்கிய நாடுகள் சபையின் உணவு, விவசாய அமைப்பு 2017 ஆம் ஆண்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது.

வட மாகாணத்தின் மிகப்பெரிய நீர்த்தேக்கமான இரணைமடுக் குளம் இத்தொடரின் கீழ்முனையில் இருப்பதாகக் கொள்ளலாம். கனகராயன் ஆற்றை மறித்து 1902 ஆம் ஆண்டில் பிரித்தானிய ஆட்சியினர் தொடங்கிய கட்டுமானம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்தது. பின்னர் கட்டம் கட்டமாக அணை உயர்த்தப்பட்டு, இறுதியாக 2018 இல் நிறைவெய்திய புனரமைப்புடன் அதன் கொள்ளளவு ஏறக்குறைய 1,20,000 ஏக்கர் அடியை எட்டியது. ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் நீரே ஓர் ஏக்கர் அடி. அது 12 இலட்சம் லீற்றருக்குச் சற்று மேற்பட்டது. கிளிநொச்சியில் இருபதினாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வயல் நிலம் இக்குளத்தை நம்பியுள்ளது. முல்லைத்தீவின் வவுனிக்குளமும் முத்தையன்கட்டுக் குளமும், வவுனியாவின் பாவற்குளமும், கிளிநொச்சியின் அக்கராயன் குளமும் இவ்வரிசையில் அடுத்து எண்ணத்தக்கவை.

இக்குளங்களின் நீர் பங்கிடப்படும் முறை தனியே எடுத்துரைக்கத் தகுந்தது. மாரி மழையை நம்பிய காலபோகத்தில் குளத்துக்குரிய வயல்கள் முழுவதும் விதைக்கப்படுகின்றன. அதன்பின் வரும் சிறுபோகத்தில் குளத்தில் எஞ்சியுள்ள நீரே மூலதனம். எனவே அதிகாரிகளும் கமக்காரர் அமைப்புகளும் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் நீர்மட்டம் அறிவிக்கப்பட்டு, எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்நாளில் துருசு திறப்பது, எந்நாளில் மூடுவது என்பன தீர்மானிக்கப்படுகின்றன. நீர் குறைந்த ஆண்டில் விதைப்புப் பரப்பு சுருக்கப்பட்டுக் காணிக்காரரிடையே பங்கிடப்படும். இதில் பிணக்குகள் எழுவதுண்டு. அனுமதியின்றி விதைப்போரும் வாய்க்காலை இடையில் மறிப்போரும் உண்டு. ஆயினும் உள்ள நீரை அளந்து, அதற்கேற்ப ஆசையைச் சுருக்கிக்கொள்ளும் ஒரு சமூக ஏற்பாடு இன்றளவும் நடைமுறையில் இருப்பது பெருமைக்குரியது. எந்தப் புதிய தொழில்நுட்பமும் இதற்கு ஈடாகாது.

போர்க்காலம் இவ்வமைப்பைக் கடுமையாகச் சிதைத்தது. மக்கள் இடம்பெயர்ந்தமையால் பல சிறுகுளங்களின் கட்டுகளில் மரங்கள் வேரோடின, துருசுகள் பழுதடைந்தன, வாய்க்கால்கள் தூர்ந்தன. 2009 இன் பின்னர் பெருங்குளங்கள் பல திருத்தப்பட்டன. சிறுகுளங்களோ அதே கவனத்தைப் பெறவில்லை. குளத்தின் உட்பரப்பில் காணி பிடிப்பதும், நீரேந்து பகுதியிலுள்ள பாலை, முதிரை, வீரை மரங்களை வெட்டுவதும், ஆற்றுமணலைச் சட்டவிரோதமாக அள்ளுவதும் மீள்குடியேற்றத்தின் பின் வளர்ந்த கேடுகள். ஆற்றுமணல் நீரைத் தன்னுள் பிடித்து வைத்துக் கரையோரக் கிணறுகளுக்கு ஊட்டுவது. அதை அள்ளும் ஒவ்வொரு உழவு இயந்திரப் பெட்டியும் அயற்கிணற்றின் நீரையே ஏற்றிச் செல்கிறது.

2016, 2017 ஆம் ஆண்டுகளின் வறட்சியில் குளங்கள் வற்றிக் குடிநீரைப் பவுசர்களில் கொண்டு செல்ல நேர்ந்த இதே நிலம், 2018 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கி ஆயிரக்கணக்கான குடும்பங்களை நலன்புரி நிலையங்களுக்கு அனுப்பியது. மேற்பகுதிச் சிறுகுளங்கள் நன்னிலையில் இருந்தால் பெருமழையின் வேகத்தை அவை சற்றேனும் தாங்கும். கோடையிலும் அந்நீரே உதவும். வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் மருந்தின் ஒரு பகுதி ஒன்றே என்பதைத் திட்டமிடுவோர் போதிய அளவு உணர்ந்ததாகத் தெரியவில்லை.

இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டு செல்ல ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் 2010 இல் வகுக்கப்பட்ட திட்டம், சிறுபோக நீர் பறிபோகும் என்ற கிளிநொச்சி விவசாயிகளின் எதிர்ப்பினால் கைவிடப்பட்டு, அதற்கு மாற்றாகத் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு 2024 இல் திறக்கப்பட்டது. குடாநாட்டவரின் தாகமும் உண்மை, கமக்காரரின் அச்சமும் உண்மை. கடல்நீரிலிருந்து உப்பை நீக்குவதற்கு மின்சாரம் பெருமளவு வேண்டும். இலவசமாக விழும் மழையைக் கடலில் விட்டு, அதே கடலிலிருந்து பெருஞ்செலவில் நன்னீர் எடுப்பது எத்துணை விலையுயர்ந்த வழி என்பதைச் சிந்திக்க வேண்டும்.

நீரின் தரமும் கவலைக்குரியது. பூநகரி போன்ற கரையோரப் பகுதிகளில் கிணறுகள் உவராகின்றன. வவுனியாவின் சில பகுதிகளில் கிணற்று நீரின் கடினத்தன்மையும் புளோரைட்டும் மிகுந்துள்ளன. காரணம் முற்றாக உறுதிப்படாத சிறுநீரக நோயும் அம்மாவட்டத்தவரைத் தாக்கியுள்ளது. கூரைமழையைத் தொட்டியில் சேமித்துக் குடிப்பதற்குப் பயன்படுத்துவது இத்தகைய ஊர்களுக்குப் பொருத்தமான, செலவு குறைந்த ஏற்பாடாகும்.

அரசாங்கமும் மாகாண நிர்வாகமும் செய்ய வேண்டியது தெளிவானது: நீரேந்து பகுதிகளை எல்லையிட்டுக் காக்க வேண்டும், மணல் அகழ்வைக் கட்டுப்படுத்த வேண்டும், இரணைமடுவுக்குச் செலுத்தும் கவனத்தில் ஒரு பங்கையேனும் அதற்கு மேலுள்ள சிறுகுளங்களுக்கு அளிக்க வேண்டும். கட்டிலுள்ள பற்றைகளை வெட்டுவதும் வாய்க்காலைத் துப்புரவு செய்வதும் முன்னர் ஊரே கூடிச் செய்த சிரமதான வேலைகள். அவற்றைக் கமக்காரர் அமைப்புகள் மீளக் கையிலெடுக்க வேண்டும். குளங்கள் வற்றியிருக்கும் ஆவணி, புரட்டாதி மாதங்களே இப்பணிகளுக்கு உரிய காலம். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் மற்றோர் ஆண்டு காத்திருக்க நேரிடும்.