உழவு இயந்திரம் புகைக்கிறதா? நகையை அடகு வைக்குமுன் செய்ய வேண்டியவை

புரட்டாதி மாதம் வந்துவிட்டால் நமது ஊர்களில் பெரும்போக உழவைப் பற்றித்தான் பேச்சு. மழைக்கு முன் முதலுழவு முடிந்தால்தான் விதைப்பு நேரத்துக்கு நடக்கும். அந்த வேளையில் உழவு இயந்திரம் இருமிக்கொண்டு நின்றுவிட்டால், ஒரு குடும்பத்தின் ஒரு வருடச் சோறு கேள்விக்குறியாகிவிடுகிறது.

1984இல் தென்னைமரவாடியை விட்டும், 2006இல் சம்பூரை விட்டும் வெளியேறிய நமது மக்கள் நீண்ட காலம் வயலின்றி வாழ்ந்தார்கள். சம்பூர்க் குடும்பங்கள் பல, கிளிவெட்டி, பட்டித்திடல் போன்ற இடங்களின் முகாம்களிலே ஆண்டுக்கணக்காக இருந்து, 2015, 2016ஆம் ஆண்டுகளில் காணிகள் விடப்பட்ட பின்னரே திரும்பின. இடம்பெயர்ந்த காலத்தில் பிள்ளைகளையும் சட்டி பானைகளையும் ஏற்றிச் சென்ற பழைய இயந்திரங்களே பலருக்கு இன்றும் முதுசம். அவை சரியாக ஓடாதபோது, “எஞ்சினை முழுதாக இறக்க வேண்டும்” என்ற சொல்லைக் கேட்டவுடன் தாலிக்கொடியை அடகு வைக்க ஓடுகிறோம். பல வேளைகளில் அது தேவையற்ற செலவு. சிறு குறைகளை முதலில் தேடுவோம்.

நம்மிடம் உள்ள இயந்திரம்

நமது பக்கத்தில் கூடுதலாகக் காணப்படும் பழைய இயந்திரங்கள் மசி பெர்குசன் 35, 135 என்பவை. 135 இங்கிலாந்தின் கொவென்றி நகரில் 1964 முதல் 1975 வரை செய்யப்பட்டது. இவற்றில் பெரும்பாலும் இருப்பது மூன்று சிலிண்டர் கொண்ட பேர்க்கின்ஸ் டீசல் எஞ்சின். எளிமையான எஞ்சின், சுத்தமான காற்று, சுத்தமான டீசல், நல்ல அமுக்கம் ஆகிய மூன்றும் இருந்தால் ஓடும். ஓடாவிட்டால் இந்த மூன்றில் ஒன்று குறைகிறது என்று கொள்ளலாம்.

திறப்பைத் திருப்பியும் சத்தமே இல்லையானால், முதலில் கியர் கோல் ஸ்டார்ட் செய்யும் இடத்தில் உள்ளதா என்று பாருங்கள். அடுத்து பற்றரியின் முனைகளையும், உடலோடு பூட்டிய ஏர்த் கம்பியையும் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். கொட்டியாரக் கடற்காற்று இவற்றை விரைவில் பூக்க வைத்துவிடும்.

புகை சொல்லும் செய்தி

கறுப்புப் புகை: காற்றுக் குறைவு, அல்லது டீசல் சரியாகத் தூவப்படவில்லை. பாரம் கூடினாலும் கறுப்புப் புகை வரும்.

வெள்ளைப் புகை: குளிர்ந்த எஞ்சினில் காலையில் சற்று நேரம் வருவது வழமை. சூடான பின்னும் வந்து, றேடியேற்றரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கஸ்கட் பழுதாக இருக்கலாம்.

நீலப் புகை: எஞ்சின் ஒயில் எரிகிறது. றிங் அல்லது வால்வு தேய்ந்திருக்கலாம்.

ஒயில் கோலை இழுத்துப் பாருங்கள். ஒயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது. அந்த எஞ்சினை மேலும் ஓட்டக் கூடாது.

காற்று

கறுப்புப் புகையும் இழுவைக் குறைவும் சேர்ந்து வந்தால் காற்று வடியைக் கழற்றுங்கள். இந்த இயந்திரங்களில் அடியில் ஒயில் உள்ள கிண்ணம் இருக்கும். புழுதி உழவுக் காலத்தில் அதில் சேறு படிந்துவிடும். டீசலில் கழுவிக் காயவிட்டு, புதிய ஒயிலைக் கிண்ணத்தில் குறித்த கோடு வரை மட்டும் விடுங்கள். கூடினால் எஞ்சின் அந்த ஒயிலையே உறிஞ்சி எரிக்கும். நெடுங்காலம் நின்ற இயந்திரமானால் புகைக்குழாயில் குளவிக் கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

டீசல்

நன்றாகத் தொடங்கிச் சற்று நேரத்தில் சோர்ந்து நிற்பது டீசல் வரத்துக் குறைவின் அடையாளம். தாங்கியின் மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பாருங்கள். அப்போது சரியாக ஓடினால், மூடியில் உள்ள காற்றுத் துவாரம் அடைபட்டிருக்கிறது. அதற்கு ஒரு கம்பி போதும்.

அரைகுறையாக டீசல் உள்ள தாங்கியில் இரவுக் குளிரில் நீர் கோர்த்து, அடியில் துரு பிடிக்கும். வடியின் கிண்ணத்தைக் கழற்றி அடியில் தண்ணீரோ செம்மண் நிறத் துருவோ உள்ளதா என்று கவனியுங்கள். 2022ஆம் ஆண்டுத் தட்டுப்பாட்டில் கான்களிலும் போத்தல்களிலும் டீசல் சேர்த்து வைக்கும் பழக்கம் பலருக்கு வந்தது. அப்படி வைத்த டீசலைத் துணியில் வடித்து, அடி மண்டியை விட்டுவிட்டு ஊற்ற வேண்டும். மண்ணெண்ணெய் கலக்கவே வேண்டாம். இந்த எஞ்சின்களின் டீசல் பம்புக்கு டீசல்தான் மசகு. மண்ணெண்ணெய் கலந்தால் விலை கூடிய அந்தப் பம்ப் தேய்ந்துவிடும்.

எயார் எடுத்தல்

வடி மாற்றினாலோ டீசல் முற்றாக முடிந்தாலோ குழாய்களில் காற்றுப் புகும். அதை எடுக்கும் முறை இது:

1. வடியின் மேலுள்ள காற்றுத் திருகாணியைத் தளர்த்தி, எஞ்சின் பக்கத்திலுள்ள சிறு பம்பின் கைப்பிடியை மேலும் கீழும் அசையுங்கள். குமிழியின்றி டீசல் வந்ததும் இறுக்குங்கள். கைப்பிடி அசையாவிட்டால் எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மீண்டும் முயலுங்கள்.

2. டீசல் பம்பிலுள்ள இரண்டு காற்றுத் திருகாணிகளிலும், கீழுள்ளதில் தொடங்கி, அப்படியே செய்யுங்கள்.

3. இன்ஜெக்டர் குழாய்களின் சுரைகளைச் சற்றுத் தளர்த்தி, வேகக் கோலை முழுதாகத் திறந்து, எஞ்சினைச் சுற்ற விடுங்கள். டீசல் கசிந்ததும் இறுக்குங்கள்.

எந்தச் சிலிண்டர்?

எஞ்சின் மெதுவாக ஓடும்போது இன்ஜெக்டர் சுரைகளை ஒவ்வொன்றாகச் சற்றுத் தளர்த்துங்கள். தளர்த்தியதும் சத்தம் மாறி வேகம் விழுந்தால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. மாற்றமே இல்லையானால் குறை அங்கேதான். அந்த இன்ஜெக்டரை மட்டும் கழற்றிக் கராஜில் சோதிப்பித்தால் போதும். கவனம்: அழுத்தத்தோடு பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். கையை அருகில் கொண்டுபோக வேண்டாம். அப்படிக் காயம் பட்டால், சிறிதாகத் தெரிந்தாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

வால்வு இடைவெளியையும் பார்ப்பிக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் அது 0.012 அங்குலம்.

எப்போது பெரிய செலவு?

மேற்சொன்ன எல்லாம் சரியான பின்னும் நீலப் புகை நிற்காமல், ஒயில் ஊற்றும் வாயிலிருந்தும் புகை ஊதி அடித்தால், றிங்கும் சிலிண்டரும் தேய்ந்துவிட்டன. அப்போதுதான் எஞ்சினை இறக்கும் பேச்சு. ஆனாலும் தண்ணீர் கலவாமல், ஒயில் அழுத்தம் சரியாக இருந்தால், ஒயில் மட்டத்தைத் தினமும் பார்த்து இந்தப் போகத்தை முடித்துவிட்டு, அறுவடைக்குப் பின் வேலையைச் செய்யலாம். அதற்கான பணத்தையும் அறுவடையில் எடுக்கலாம்.

சென்னையில் 1960இல் தொடங்கிய டாபே நிறுவனம் மசி பெர்குசன் முறையில் இயந்திரங்களைச் செய்து வந்ததால், இந்தியப் பாகங்கள் பல பொருந்தும். எனினும் பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டே வாங்குங்கள்.

திரும்பிய காணியில் பற்றைக்குள் நிற்கும் இயந்திரத்தை எடுக்கப் போகுமுன், மிதிவெடி அகற்றப்பட்ட நிலமா என்பதைப் பிரதேச செயலகத்தில் உறுதி செய்யுங்கள். எஞ்சினுக்கு மாற்றுப் பாகம் உண்டு. நமது காலுக்கு இல்லை.

நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு சாவிக் கட்டும், ஒரு வடியும், ஒரு கான் ஒயிலும் வாங்கி வைத்தால், மழை முகம் காட்டும் நாளில் ஒருவர் வயலும் உழவின்றிக் கிடக்காது.