சிகரெட்டை விட்டவர் கையில் வேப்

"சிகரெட்டை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன, டாக்டர். எப்போதாவது வேப் மட்டும்தான்" என்று எங்களிடம் கூறும் நோயாளிகள் உள்ளனர். மாரடைப்புக்குப்பின் புகையைத் துறந்தவர்களும் அவர்களுள் அடங்குவர். இது புகையன்று, வெறும் ஆவி என்பது அவர்களது நம்பிக்கை.

வேப் எனப்படும் மின் சிகரெட்டில் புகையிலை எரிவதில்லை. ஆகவே தார் படிவதில்லை என்பது உண்மையே. ஆனால் மனிதரை அடிமைப்படுத்துவது தார் அன்று, நிகோடின். பெரும்பாலான வேப் திரவங்களில் அது உண்டு. புகைத்த காலத்தில் மூளையில் பெருகிய நிகோடின் ஏற்பிகள், நிறுத்திய சில வாரங்களில் குறைந்துவிடும். பழக்கத்தின் நினைவு மட்டும் அவ்வாறு அழிவதில்லை. விரலிடையே பிடித்து, உள்ளிழுத்து, ஊதும் அதே செயல் அந்நினைவைத் தட்டியெழுப்புகிறது.

2019-இல் வெளியான இங்கிலாந்து ஆய்வொன்றைச் சிலர் எங்களிடம் மேற்கோள் காட்டுவதுண்டு. ஓராண்டு முடிவில், மின் சிகரெட்டின் துணையுடன் 18 விழுக்காட்டினரும், நிகோடின் மாற்றுப் பொருள்களால் 9.9 விழுக்காட்டினரும் புகையை விட்டிருந்தனர். அது புகைத்துக்கொண்டிருந்தவர்களிடம், ஆலோசனையுடன் நடத்தப்பட்ட ஆய்வு. மேலும், மின் சிகரெட்டால் வென்றவர்களுள் 80 விழுக்காட்டினர் ஓராண்டுக்குப்பின்னும் அதை விடவில்லை. முன்பே விட்டவருக்கு இதில் பெறுவதற்கு ஒன்றுமில்லை, இழப்பதற்கு உண்டு.

நம் நாட்டில் 2019 முதல் மின் சிகரெட் விற்பனைக்குத் தடை உள்ளது. கள்ளத்தனமாக வாங்கியதோ வெளிநாட்டு உறவினர் தந்ததோ ஒருநாள் தீர்ந்துவிடும். நிகோடின் வேட்கை தீராது. தெருமுனைப் பெட்டிக்கடையில் சிகரெட் எப்போதும் கிடைக்கிறது!

வீட்டாருக்கு ஒரு சொல். வேப்பில் சிகரெட் நாற்றம் இராது. பழவாசனையோ புதினா மணமோ வீசக்கூடும். பார்வைக்குப் பேனாவைப் போலவோ பென் டிரைவைப் போலவோ இருக்கும். கண்டால் ஏசாதீர்கள். ஏச்சுக்கு அஞ்சியவர் எங்களிடமும் மறைத்துவிடுகிறார்.

புகைக்கத் தோன்றும் வேட்கை பெரும்பாலும் சில நிமிடங்களில் தணியும். தணியவில்லையெனில் நிகோடின் சூயிங் கம், தோலில் ஒட்டும் பட்டை, மாத்திரைகள் ஆகியன உள்ளன. இதய நோயாளிகள் மருத்துவரைக் கேட்டே இவற்றைத் தொடங்க வேண்டும். 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணிலும் ஆலோசனை பெறலாம். ஒரு சிகரெட் புகைத்துவிட்டாலும் அந்த வாரமே வாருங்கள். அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்க வேண்டியதில்லை.