பேனரில் ‘குளூட்டன் ஃப்ரீ’, கல்லில் பரோட்டா

சிறுதானிய உணவுத் திருவிழா நடக்காத ஊர் இப்போது குறைவு. கம்பங்கூழ், கேழ்வரகு அடை, வரகரிசிப் பொங்கல், தினை லட்டு என்று கடைகள் வரிசை கட்டுகின்றன. 2023-ஐ ஐ.நா. சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியதிலிருந்து அந்தப் பேனர்களில் ‘குளூட்டன் ஃப்ரீ’ என்ற வாசகமும் ஏறிக்கொண்டது. அதை நம்பி, சீலியாக் நோயுள்ள பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிற பெற்றோரைப் பார்க்கும்போது வயிற்றைக் கலக்குகிறது. கேழ்வரகு அடை வேகிற அதே கல்லில் சற்று முன்புதான் பரோட்டா புரட்டியிருப்பார்கள். தினை பிஸ்கட்டில் பாதி மைதாவாக இருக்கும். கேட்டால், “சிறுதானியம்தான் சார், ஒண்ணும் செய்யாது” என்று பதில் வரும்.

செய்யும். சீலியாக் வெறும் அஜீரணமோ சாதாரண ஒவ்வாமையோ அல்ல. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனதும், உடலின் எதிர்ப்பாற்றல் தன் சிறுகுடலின் உறிஞ்சிகளையே தாக்கும் நோய் இது. குற்றவாளி கோதுமைதான் என்பதை டச்சுக் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே 1950-இல் தன் ஆய்வேட்டில் காட்டினார். வரலாறு இவ்வளவு போதும். நோயை அடியோடு தீர்க்கும் மருந்து இன்றுவரை இல்லை. வாழ்நாள் முழுக்கக் குளூட்டனை விலக்குவது ஒன்றே சிகிச்சை. ஒரு நாளைக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் தொடர்ந்து சேர்ந்தாலே குடல் பழுதாகும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரு துண்டு ரொட்டியில் இருப்பது சுமார் 2,000 மில்லிகிராம். “ஒரு நாள் சாப்பிட்டா என்ன ஆயிடும்” என்று கேட்கும் அத்தைமார்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும். வயிறு வலிக்கவில்லை என்பதால் குடல் பழுதாகவில்லை என்று ஆகிவிடாது.

“அரிசி சாப்பிடுற ஊர்ல இந்த வியாதி ஏது?” என்று கேட்கும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். 2016-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வின்படி, வட இந்தியாவில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று அதிகமாகவும், தெற்கே வேலூரில் ஆயிரத்துக்கு ஒருவருக்கும் சீலியாக் இருந்தது. நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணுக்கள் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகவே இருந்தன. தட்டில்தான் வேறுபாடு: வடக்கே ஒருவர் சராசரியாக நாளொன்றுக்கு 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், தெற்கே 25 கிராம். நம் வீடுகளில் சப்பாத்தி ராத்திரிச் சாப்பாடாகி எத்தனை காலம் ஆயிற்று என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இரும்புச்சத்து மாத்திரைக்கு அடங்காத ரத்தசோகை, வயதுக்கேற்ற வளர்த்தியில்லாத குழந்தை, ஓயாத வயிற்றுப்போக்கு, டைப் 1 சர்க்கரை நோய், பெற்றோரிலோ உடன்பிறந்தோரிலோ ஒருவருக்குச் சீலியாக்: இவற்றில் ஒன்றிருந்தாலும் டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். தேவைப்பட்டால் எண்டோஸ்கோபி செய்து, சிறுகுடலிலிருந்து திசு எடுத்துப் பார்ப்பார்கள்.

இங்கேதான் பலர் காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். யாரோ சொன்னதைக் கேட்டு முதலில் கோதுமையை நிறுத்திவிட்டு, சில மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போகிறார்கள். குளூட்டன் உள்ளே போகாவிட்டால் ரத்தத்தில் எதிர்ப்பொருள் குறையும். முடிவு ‘நோய் இல்லை’ என்று வந்துவிடும். பிறகு மறுபடி வாரக்கணக்கில் கோதுமை சாப்பிட்டு, பட்ட வேதனையையே மீண்டும் பட்டுத்தான் உறுதி செய்ய வேண்டும். பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள். இன்னொரு முறையும் சொல்கிறேன்: நிறுத்தாதீர்கள். எழுத்தில் உறுதியான நோயறிக்கை இல்லாவிட்டால், கீழே சொல்லப்போகும் எந்த மனுவுக்கும் வலு இருக்காது.

திருவிழாவுக்கே போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் நோய் என்றால், தன்னைப் போல் இன்னொருவரைச் சந்திக்காமலே வருஷங்கள் ஓடிவிடும். “பெருங்காயம் எது போட்டீங்க?” என்று ஒரு கடையில் இரண்டு அம்மாக்கள் ஒரே மூச்சில் கேட்கும் இடம் இது ஒன்றுதான். அப்படித் தொடங்கும் பழக்கம் வாட்ஸ்அப் குழுவாகி, எந்தக் கூட்டுப் பெருங்காயத்தில் மைதா இருக்கிறது, எதில் அரிசி மாவு இருக்கிறது என்ற தகவல் கை மாறுகிறது. எந்த மருத்துவரும் இதைச் சீட்டில் எழுதித் தருவதில்லை. ஆனால் அதே குழுவில்தான் “சம்பா கோதுமை பாரம்பரிய தானியம், ஒத்துக்கும்”, “ரெண்டு வருஷம் பத்தியம் இருந்தா குணமாயிடும்” என்ற ஆபத்தான பேச்சும் உலவுகிறது. சம்பா கோதுமையும் கோதுமைதான். சீலியாக் குணமாகிவிடுவதில்லை, அடங்கியிருக்கும், அவ்வளவே.

கடையில் பார்க்க வேண்டியவை வேறு. கம்பு, கேழ்வரகு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி எதிலும் இயல்பாகக் குளூட்டன் கிடையாது. கெடுப்பது கலப்படமும் கவனக்குறைவும்தான். கோதுமை அரைத்த மில்லிலேயே கேழ்வரகையும் அரைத்திருப்பார்கள். போண்டா பொரித்த எண்ணெயில் கம்பு வடை போடுவார்கள். சத்துமாவில் ஒரு பங்கு கோதுமை வறுத்துச் சேர்ப்பது நம் வீட்டு வழக்கம். சாம்பார், ரசம், ஊறுகாய் எல்லாவற்றிலும் பெருங்காயம். எனவே எந்த மில், எந்தக் கல், எந்த எண்ணெய், எந்தப் பெருங்காயம் என்று நான்கையும் கேளுங்கள். நாலுக்கும் தெளிவான பதில் வராத கடையில் பிள்ளைக்கு எதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் உள்ள உணவை ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று விற்கக் கூடாது. பாக்கெட்டில் அடைத்தது என்றால் கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ் போன்றவை சேர்ந்திருப்பதைத் தனியே அறிவித்திருக்க வேண்டும். பெரிய உணவகச் சங்கிலிகள் ஒவ்வாமைப் பொருள்களை மெனுவிலேயே காட்ட வேண்டும் என்ற விதியும் உண்டு. ஆனால் ஆண்டுக்கு 60 நாளுக்கும் குறைவாக நடக்கும் கடைகளுக்கு அதிலிருந்து விலக்கு. திருவிழாக் கடை தப்பிக்கும் ஓட்டை அதுதான். என்றாலும் தற்காலிகக் கடைக்கும் உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம். 14 இலக்க எண்ணைக் கேளுங்கள். பேனரில் பொய் எழுதுவதும் சட்டத்தின் பார்வையில் விளம்பரமே. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், தவறான லேபிளுக்கு 3 லட்சம் வரையும் அபராதம் விதிக்க 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53, 52-ஆம் பிரிவுகள் இடம் தருகின்றன.

புகார் செய்ய நினைப்பவர்கள் பேனர், கடை, அடுப்புக்கல் மூன்றையும் தேதி தெரியும்படி படம் எடுங்கள். ரசீது கேட்டு வாங்குங்கள். ரசீது இல்லை என்பார்கள், துண்டுச்சீட்டில் எழுதிக் கையெழுத்தாவது கேளுங்கள், ஜிபே தகவலையும் அழிக்காதீர்கள். பாக்கெட் என்றால் பேட்ச் எண்ணோடு வையுங்கள். புகாரைத் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பலாம். அதோடு நின்றுவிடாமல், மாவட்ட நியமன அலுவலருக்கு எழுத்து மனுவும் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் போனதற்கு ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்ற ஒற்றை வரி வரும். அதற்குள் திருவிழாப் பந்தலைப் பிரித்திருப்பார்கள்.

உணவைப் பரிசோதிக்கும் உரிமை வாங்கியவருக்கும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் அறிக்கை பெறலாம். விதிமீறல் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். பரிசோதனைக்கு அனுப்பப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. பிறகு நினைத்துப் பயனில்லை. ஆய்வகத்தில் குளூட்டன் அளவிடும் வசதி இருக்கிறதா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

திருவிழாவில் சேர்ந்த கூட்டம் உண்மையில் பயன்படுவது அடுத்த படியில். ஒரே கடையால் பாதிக்கப்பட்ட பலர், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் அனுமதியோடு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 35-ஆம் பிரிவில் கூட்டாகவே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை. கால வரம்பு இரண்டு ஆண்டு. முதலில் ஆலோசனை வேண்டுமென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் அவசரம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் ரவை உப்புமாவும் சேமியா உப்புமாவும் வருகின்றன. அங்கன்வாடி இணை உணவிலும் கோதுமை உண்டு. மருத்துவர் சான்றோடு தலைமையாசிரியரிடம் கடிதம் கொடுத்து, ‘இவை தரக் கூடாது’ என்று உணவுகளைப் பெயர் சொல்லி எழுதுங்கள். பிரதியை வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். வாய்மொழியாகச் சொன்னது சமையலறைவரை போய்ச் சேராது. மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் சீலியாக் இல்லை. சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுத்து ஏமாறாதீர்கள்.

எந்த மனு கொடுத்தாலும் நகலில் தேதியும் முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். “வச்சுட்டுப் போங்க, பார்க்கிறோம்” என்றால் நகர வேண்டாம். முத்திரை போட மறுத்தால் அன்றே ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைக் கோப்பில் வையுங்கள். மாதம் ஒன்றாகியும் பதில் இல்லாவிட்டால், பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் அந்த மனு என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.