செட் மாத்திரைக்குள் ஒரு ஹார்மோன்

கொடைரோடு, நிலக்கோட்டை வட்டாரத்தில் விடியுமுன் மல்லிகை பறிக்கப் போகிறவர்களுக்கு இடுப்பு வலி. திராட்சைப் பந்தலுக்கடியில் அண்ணாந்தே வேலை பார்ப்பவர்களுக்குக் கழுத்து வலி. பொறுக்காதபோது மெடிக்கலுக்குப் போய் "ஒரு செட் குடுங்க" என்பது தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் சகஜமான பேச்சு. காகித உறையில் நாலைந்து மாத்திரை வரும். எதற்கும் பெயர் இருக்காது. அவற்றில் பொட்டு அளவு மாத்திரை ஒன்றும் இருந்து, இரண்டே வேளையில் வலி பறந்து, பசியும் கபகபவென எடுத்தால், ஸ்டீராய்டோ என்று சந்தேகப்படலாம்.

ஸ்டீராய்டு என்றால் ஏதோ அந்நிய ரசாயனம் என்று நினைப்பு. உண்மையில் நம் உடம்பே தினமும் அதைச் செய்துகொள்கிறது. சிறுநீரகங்களுக்கு மேலே ஒட்டியிருக்கும் அட்ரினல் சுரப்பிகள், தலைக்கு நான்கைந்து கிராம் எடையே உள்ளவை, கொலஸ்ட்ராலை மூலப்பொருளாக வைத்து நாளொன்றுக்குச் சுமார் 10 முதல் 20 மில்லிகிராம் கார்டிசோல் சுரக்கின்றன. ரத்த அழுத்தம் விழாமலும், பட்டினியில் சர்க்கரை இறங்காமலும், காயம்பட்ட இடத்து வீக்கம் எல்லை மீறாமலும் பார்த்துக்கொள்வது அதன் வேலை. காலையில் உச்சத்தில் இருக்கும், நள்ளிரவில் அடங்கிவிடும். ஸ்டீராய்டு மாத்திரையைக் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச், முடக்குவாதத்தால் நடமாட முடியாத ஒரு பெண்ணுக்கு, கார்டிசோலின் நெருங்கிய உறவான கார்டிசோன் ஊசி போட்டார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச்சுக்கும், கெண்டல், ரெய்ச்ஸ்டைன் என்ற இரு வேதியியலாளர்களுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. முகம் ஊதுவது, எலும்பு மெலிவது போன்ற பின்விளைவுகள் தெரியவும் அதிக காலம் பிடிக்கவில்லை.

ஏன் பலனும் பின்விளைவும் சேர்ந்தே வருகின்றன? இன்சுலினோடு ஒப்பிட்டால் புரியும். இன்சுலின் புரத ஹார்மோன். வாயால் சாப்பிட்டால் வயிற்றில் செரித்துப்போகும், அதனால்தான் ஊசி. ரத்தத்தில் சேர்ந்த பிறகும் அது செல்லுக்குள் நுழையாது. வெளிச்சவ்விலுள்ள ஏற்பியைத் தொட்டுச் சேதி சொல்வதோடு சரி. கார்டிசோல் போன்ற ஸ்டீராய்டு கொழுப்பில் கரைவது. சவ்வைத் தாண்டி உள்ளே போய், அங்கிருக்கும் ஏற்பியோடு சேர்ந்து, செல்லின் கருவுக்குள்ளேயே புகுந்துவிடும். சில மரபணுக்களை முடுக்கிவிடும், சிலவற்றை அடக்கும். வீக்கம் உண்டாக்கும் புரதங்கள் குறைவதால் வலி போகிறது. அதே மருந்து ஈரலைச் சர்க்கரை தயாரிக்கத் தூண்டுகிறது, தசையைக் கரைக்கிறது, எலும்பு கட்டும் வேலையை நிறுத்துகிறது. வலிக்கு மட்டும் கேட்கட்டும், சுகர் ஏற வேண்டாம் என்று அதனிடம் பேரம் பேச முடியாது.

இங்கே ஒரு வேடிக்கை. பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் போடுகிறார்கள் என்று பயந்து நாட்டுக்கோழி தேடுகிறோம். வளர்ச்சி ஹார்மோனும் புரதம்தான்; தீவனத்தில் கலந்தால் செரித்துவிடும். ஆயிரக்கணக்கான கோழிக்குத் தினமும் ஊசி போட எந்தப் பண்ணைக்கும் கட்டுபடியாகாது. பிராய்லர் சீக்கிரம் வளர்வது இனத் தேர்வாலும் தீவனத்தாலும். அந்தப் பயத்தில் பாதியையாவது பெயரில்லாத மாத்திரை மேல் வைக்கலாம்.

ஸ்டீராய்டைத் தொடர்ந்து எடுப்பதில் இன்னொரு சிக்கல் உண்டு. அட்ரினல் தானாகச் சுரப்பதில்லை. மூளையிலுள்ள ஹைபோதாலமஸ் பிட்யூட்டரி சுரப்பியை ஏவ, பிட்யூட்டரி அட்ரினலை ஏவும். மாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானாக நிற்பதைப்போல, ரத்தத்தில் கார்டிசோல் போதுமென்றால் ஏவல் நின்றுவிடும். மாத்திரையாக வந்ததா, தானே சுரந்ததா என்று மூளை பார்ப்பதில்லை. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டின் 0.5 மில்லிகிராம் மாத்திரை ஒன்று ஏறத்தாழ 13 மில்லிகிராம் கார்டிசோலுக்குச் சமம். ஒரு நாள் சுரப்பே அதில் வந்துவிடுகிறது. மூன்று நான்கு வாரத்துக்கு மேல் இப்படிப் போனால் அட்ரினல் சுருங்கத் தொடங்கும்.

அதன் பிறகு "ஸ்டீராய்டாமே, வேண்டாம்" என்று ஒரே நாளில் நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. அசதி, வாந்தி, தலைசுற்றல் என்று தொடங்கும். காய்ச்சலோ விபத்தோ சேர்ந்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஜிம்மில் தசைக்காகப் போடும் ஊசி டெஸ்டோஸ்டிரோன் வகை ஸ்டீராய்டு. அங்கேயும் இதே கணக்கில் விந்தகம் சுருங்கி, விந்தணு குறைகிறது.

கொரோனா காலத்தில் டெக்சாமெத்தசோனின் இரு முகமும் தெரிந்தன. வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை அது மூன்றில் ஒரு பங்கு குறைத்ததாக 2020 ஜூனில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு அறிவித்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. ஆனாலும் 2021இல் வீட்டிலிருந்தவர்களும் அதை வாங்கி விழுங்கினார்கள். சுகர் ஏறி, எதிர்ப்புச் சக்தி அடங்கிய உடம்பில் கருப்புப் பூஞ்சை பிடித்தது. அந்த மே மாதம் அதை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அறிவித்தது. முகம் வெளுக்கப் பூசும் க்ரீம்களிலும் ஸ்டீராய்டு இருந்ததால், 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதென்று 2018இல் மத்திய அரசு உத்தரவிட்டது. கடையில் கேட்டால் இன்றும் கிடைக்கிறது என்பது வேறு கதை.

இதற்காக ஸ்டீராய்டையே வில்லனாக்குவதும் தப்பு. குறைமாதத்தில் வலி கண்ட தாய்க்கு 12 மணி நேரத்துக்கு ஒன்றாகப் போடும் நான்கு டெக்சாமெத்தசோன் ஊசிகள்தான் குழந்தையின் நுரையீரலை மூச்சுக்குத் தயார் செய்கின்றன. வீசிங்குக்கான பல இன்ஹேலர்களில் இருப்பதும் ஸ்டீராய்டுதான், ஆனால் மைக்ரோகிராம் கணக்கில், நேராக நுரையீரலுக்கு. பயந்து அதை நிறுத்துபவர்கள்தான் நள்ளிரவில் ஆம்புலன்ஸ் தேடுகிறார்கள்.

மாதக்கணக்கில் செட் மாத்திரை போட்டவர், முகம் உருண்டு, வயிறு முன்தள்ளி, கைகால் மட்டும் மெலிந்திருந்தால், "சதை போட்டிருக்கே" என்று சந்தோஷப்படாமல் மிச்ச மாத்திரையோடு திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். அளவைப் படிப்படியாகத்தான் குறைப்பார்கள். காலை எட்டு மணி வாக்கில் எடுத்த ரத்தத்தில் கார்டிசோல் பார்த்தால், அட்ரினல் மறுபடி வேலையைத் தொடங்கியதா என்று தெரியும். சிலருக்கு அதற்கு ஒரு வருடம்கூட ஆகும். அதற்குள் ஆபரேஷன் எதுவும் வந்தால், ஸ்டீராய்டு எடுத்த விஷயத்தை மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் முதலில் சொல்லிவிட வேண்டும்.