வேகமாகப் பறந்தால் சீக்கிரம் திரும்ப முடியுமா? போர் விமானத்தின் ‘ஜி’ கணக்கு!

வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலைப்பாதையில் பஸ் ஏறுகிறது. கொண்டை ஊசி வளைவு வந்ததும் டிரைவர் வேகத்தைக் குறைக்கிறார். அப்படியும் பக்கத்து சீட்டுக்காரர் நம் தோளில் வந்து சாய்கிறார். வானத்தில் சாலையே கிடையாது. மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் போகும் விமானம் எதைப் பிடித்துக்கொண்டு திரும்பும்?

தன் இறக்கையைத்தான். நேராகப் பறக்கும்போது இறக்கையின் தூக்குவிசை விமானத்தின் எடைக்குச் சமம். அதுதான் 1 ஜி. திரும்ப வேண்டுமென்றால் விமானம் ஒரு பக்கம் சாயும். தூக்குவிசையும் சேர்ந்து சாயும். அதில் ஒரு பங்கு எடையைத் தாங்கியே ஆக வேண்டும். இல்லையென்றால் விமானம் கீழே இறங்கும். மிச்சம்தான் பக்கவாட்டில் இழுத்துத் திருப்புகிறது. எட்டாம் வகுப்பில் ‘இது எதுக்கு சார்?’ என்று கேட்ட பிதாகரஸ் தேற்றம் இங்கேதான் வேலை செய்கிறது.

போனில் கால்குலேட்டரைத் திறங்கள். ‘ஜி’ அளவை அதே எண்ணால் பெருக்குங்கள். 1-ஐக் கழியுங்கள். வர்க்கமூலம் எடுங்கள். அதை 2023-ஆல் பெருக்கி, கி.மீ. வேகத்தால் வகுங்கள். உயரம் மாறாமல் திரும்பும் விமானம் ஒரு விநாடிக்கு எத்தனை டிகிரி திரும்பும் என்பது வந்துவிடும். (2023 வருஷம் அல்ல; புவியீர்ப்பு, கி.மீ., டிகிரி எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்த எண்!)

900 கி.மீ. வேகம், 6 ஜி என்றால் விடை 13.3 டிகிரி. முழு வட்டம் அடிக்க 27 விநாடி. அதே 6 ஜியில் வேகத்தை 540 ஆகக் குறைத்தால் 22 டிகிரி. 16 விநாடியில் வட்டம் முடிந்துவிடும்.

திண்டுக்கல் மலைக்கோட்டையை நடுவில் வைத்து இந்த வட்டங்களைப் போட்டுப் பாருங்கள். 540 கி.மீ. விமானம் கோட்டையிலிருந்து 400 மீட்டருக்குள்ளேயே சுற்றி வந்துவிடும். 900 கி.மீ. விமானத்துக்கு ஒரு கி.மீ.க்குச் சற்று மேல் வேண்டும். பயணிகள் விமானம் வழக்கமாக 30 டிகிரிக்கு மேல் சாயாது. அதாவது சுமார் 1.15 ஜிதான். அதே 900 கி.மீ. வேகத்தில் அது போடும் வட்டம் சின்னாளபட்டி வரை போகும். ஒரு சுற்றுக்கு நாலரை நிமிடத்துக்கு மேல் ஆகும். உள்ளே இருப்பவர் கையில் காபி சிந்தாது!

அப்படியானால் வேகத்தைக் குறைத்துக்கொண்டே போகலாமே? அங்கேதான் சிக்கல். வேகம் பாதியானால் இறக்கையால் தரமுடிந்த தூக்குவிசை கால்வாசியாகிவிடும். உதாரணத்துக்கு, 720 கி.மீ. வேகத்தில் 8 ஜி தரும் விமானம் 360-ல் 2 ஜிதான் தரும். முன்னதில் விநாடிக்கு 22 டிகிரி. பின்னதில் 10 டிகிரிகூட வராது. 1,080-க்கு வேகத்தைக் கூட்டினாலும் 15 டிகிரிக்குக் குறைந்துவிடும். முழு ஜியும் கிடைக்கும் மிகக் குறைந்த வேகம் எதுவோ, அதுதான் விமானிக்கு வேண்டியது. சினிமாவில் ஹீரோ ஒலியை மிஞ்சிய வேகத்தில் சட்டென்று பின்னால் திரும்புவதை இந்தக் கணக்கு ஒப்புக்கொள்ளாது.

திண்டுக்கல்லில் விமான நிலையமே இல்லை. (ஹைதராபாத் அருகே விமானப்படை அகாடமி இருக்கும் ஊர் துண்டிகல். பெயர்தான் கிட்டத்தட்ட ஒன்று!) ஆனால் இந்த ஊருக்கு இரு பக்கமும் விமானப்படைத் தளங்கள் உண்டு. மேற்கே கோவை சூலூருக்கு 2018-ல் தேஜஸ் வந்தது. கிழக்கே தஞ்சாவூரில் 2020 ஜனவரியில் சுகோய்-30 படைப்பிரிவு தொடங்கப்பட்டது.

தேஜஸ் 8 ஜி வரை தாங்கும். விமானி? 70 கிலோ உடம்பு அப்போது 560 கிலோவாக சீட்டில் அழுந்தும். ரத்தம் கால் பக்கம் இறங்கும். முதலில் நிறங்கள் மங்கும், பிறகு பார்வை குறுகும், கடைசியில் நினைவே தப்பும். பயிற்சி இல்லாதவர்களில் பலருக்கு 5 ஜியிலேயே இந்த நிலை. அதனால்தான் காலையும் வயிற்றையும் காற்றால் இறுக்கும் ‘ஜி-சூட்’. பெங்களூரு விமான மருத்துவ நிலையத்தில் விமானிகளைச் சுழல் இயந்திரத்தில் உட்காரவைத்து, தசையை இறுக்கி மூச்சைப் பிடித்து விடும் முறையையும் பழக்குகிறார்கள்.

8 ஜியில் பின்னால் திரும்ப 8 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை விநாடியும் கழுத்தைத் திருப்பி எதிரி விமானத்தைத் தேட வேண்டும். ஹெல்மெட்டோடு தலை 6 கிலோ என்றால், அந்தக் கழுத்தின் மேல் இருப்பது 48 கிலோ.